ரம்புத்தான் நிழலில் ஒரு ஹோஸ்டா

கேள்வி: அக்கா, எங்கள் செம்பனைத் தோட்டத்து வீட்டின் முன்புறம், ரம்புத்தான் மரத்தடியில் நல்ல நிழல். இணையத்தில் வாங்கிய ‘பண்டோராஸ் பாக்ஸ்’ என்ற சின்ன ஹோஸ்டா இலைச்செடியை அங்கே வைத்தேன். இலையின் நடுவில் வெள்ளை, ஓரத்தில் பச்சை. இப்போது புது இலைகள் வரவரச் சிறுத்துக்கொண்டே போகின்றன. உரம் போதவில்லையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உரப்பையைக் கீழே வையுங்கள், தங்கச்சி. அந்தச் செடிக்குத் தூக்கம் போதவில்லை. ஹோஸ்டாவின் பூர்வீகம் ஜப்பான், கொரியா, சீனா. குளிர்காலத்தில் இலையெல்லாம் மடிந்து, வேர்த்தண்டு மட்டும் மண்ணுக்குள் பல வாரங்கள் உறங்கும். அதற்கு ஏறக்குறைய 5 டிகிரிக்குக் கீழான குளிர் வேண்டும். உங்கள் ஊரில் விடியற்காலையில்கூட 23 டிகிரி, எங்கே கண்ணயரும்? ஓய்வின்றித் துளிர்த்தே சேமிப்பைத் தீர்க்கிறது. இலை நடுவின் வெள்ளையில் பச்சையமும் இல்லை. ஓரத்துப் பச்சைதான் மொத்தச் செடிக்கும் சமைத்துப் போடுகிறது. கேமரன் மலைக்கு அனுப்பலாமா என்று கேட்காதீர்கள். அங்கே இரவில் 15 டிகிரி என்றால் நாம் சால்வை தேடுவோம். ஹோஸ்டாவுக்கு அது வசந்தகாலம்.

வெப்பமான ஊர்களில் சிலர் வேர்த்தண்டைத் தோண்டி, ஈரப் பாசியில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மாதம் வைக்கிறார்கள். பழங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது; அவை விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். நெத்திலிச் சம்பலுக்கே இடமில்லாத பெட்டியில் வருடாவருடம் ஒரு செடியைப் படுக்கவைப்பது உங்கள் வீட்டுச் சமாதானத்தைப் பொறுத்தது.

நானாக இருந்தால் அந்த இடத்தில் கெம்ஃபெரியா புல்க்ராவை நடுவேன். இஞ்சி வகையான நம் செக்கூர்க் கிழங்குக்குச் சொந்தக்காரச் செடி. அமெரிக்காவின் வெப்பமான தென் மாநிலங்களில் ஹோஸ்டாவுக்குப் பதிலாக வைப்பது இதைத்தான். இலைகள் தரையோடு படுத்திருக்கும், கரும்பச்சையில் வெள்ளிக்கோலம். காலையில் விரியும் இளம் ஊதாப் பூ அன்றைக்கே வாடிவிடும், மறுநாள் வேறொன்று வரும். ரம்புத்தான் வேரை வெட்டித் தோண்டாதீர்கள். கருக்கிய உமியும் மக்கிய இலையும் கலந்து, மண்ணை மேடாக்கி நடுங்கள். இதுவும் உறங்கும், ஆனால் வறட்சியில். மழை குறைந்த மாதங்களில் இலை காய்ந்தால் செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாமல் தண்ணீரைக் குறையுங்கள்.

ஹோஸ்டாவையும் உயிரோடு வைத்திருப்பதென்றால், மழை விட்ட இரவுகளில் டார்ச்சோடு போய் இலை தின்னும் நத்தையைப் பொறுக்க வேண்டும். வெறுங்கையால் தொடாதீர்கள், ஆப்பிரிக்க நத்தை சுமக்கும் புழு மூளையைத் தாக்கக்கூடியது.