நிமோனியா தடுப்பூசிக்கு ஏன் பில் வந்தது? மெடிகேர் கேள்வி பதில்

அமெரிக்காவில் மூத்தோருக்குப் போடப்படும் நிமோனியா தடுப்பூசியின் கட்டணம், காப்பீடு குறித்து அன்பர்கள் கேட்டவற்றுக்கு, மருத்துவப் பில்லிங் துறையில் பணியாற்றும் உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்கள். மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைக் கடந்தோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு.

கேள்வி (நியூ ஜெர்சி): என் தந்தைக்கு 68 வயது, ஒரிஜினல் மெடிகேர் (அரசே நேரடியாக நடத்துவது) வைத்திருக்கிறார். வழக்கமான மருத்துவரிடம் நிமோனியா ஊசி போட்டுக்கொண்டார். இலவசம் என்றார்கள், ஆனால் இப்போது பில் வந்திருக்கிறது. கட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள் ஐயா. முதலில் பில்லை வரி வரியாகப் பாருங்கள். நிமோகாக்கல் எனப்படும் இந்த நிமோனியா தடுப்பூசி 1981 முதலே மெடிகேரின் பார்ட் பி-இல், அதாவது மருத்துவர் சேவைகளுக்கான பகுதியில், அடங்கும். மெடிகேர் நிர்ணயித்த தொகையே போதும் என்று ஏற்றுக்கொள்ளும் மருத்துவரிடம் போட்டுக்கொண்டால், டிடக்டிபிளும் (காப்பீடு பணம் தரத் தொடங்குமுன் ஆண்டுதோறும் நாமே கட்டும் தொகை) கிடையாது, வழக்கமான 20 சதவீதப் பங்கும் கிடையாது.

பில்லில் குறைந்தது இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று மருந்துக்கு: பிரெவ்நார் 20 (20 வகைக் கிருமிகளுக்கான ஊசி) என்றால் 90677, கேப்வேக்ஸிவ் (21 வகைக்கானது) என்றால் 90684. மற்றொன்று ஊசி போட்ட கூலிக்கு: அதன் எண் ஜி0009. இந்த இரண்டிலும் உங்கள் தந்தையின் பங்கு சுழியாக இருக்க வேண்டும். மூன்றாவதாக 99213 என்ற எண்ணும் பக்கத்தில் 25 என்ற குறியும் தென்பட்டால், பணம் அதற்காகத்தான் கேட்கப்படுகிறது. ஊசிக்குப் போன இடத்தில் இரத்த அழுத்தத்தையும் முழங்கால் வலியையும் பேசி, மருத்துவரும் தனியாகப் பரிசோதித்திருந்தால், அது ஓர் ஆபீஸ் விசிட். அதற்கு டிடக்டிபிளும் (2025-இல் 257 டாலர்) 20 சதவீதமும் பொருந்தும். நம் பெரியவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டால் எல்லாவற்றையும் கேட்காமல் திரும்புவதில்லை என்பதால், இந்த வரி பெரும்பாலும் நியாயமானதாகவே இருக்கும். ஆனால் நர்ஸ் ஊசி போட்டதும் அவர் எழுந்து வந்துவிட்டார் என்றால், அந்த வரியை எதிர்த்துக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜி0009 இருக்க வேண்டிய இடத்தில் 90471 என்று இருக்கிறதா? அது தனியார் காப்பீடுகளுக்கு எழுதும் எண். பழக்க தோஷத்தில் அதையே மெடிகேருக்கும் அனுப்பிவிடும் அலுவலகங்கள் உண்டு. அப்படியானால் பில்லிங் பிரிவை அழைத்து, எண்ணைத் திருத்திக் கிளெய்மை (காப்பீட்டிடம் பணம் கோரும் விண்ணப்பத்தை) மீண்டும் அனுப்பச் சொன்னால் போதும்.

கேள்வி (டெக்சஸ்): பார்மசியில் அம்மாவின் பார்ட் டி (மருந்துகளுக்கான மெடிகேர் காப்பீடு) அட்டையைக் கேட்டார்கள். அதில் நிராகரிக்கப்பட்டதும், சில நூறு டாலர் ரொக்கமாகக் கட்டச் சொன்னார்கள். இது சரியா?

பதில்: சரியல்ல அம்மா. அக்கி எனப்படும் ஷிங்கிள்ஸ், ஆர்.எஸ்.வி. என்ற சுவாசத் தொற்று, டெட்டனஸ் முதலியவற்றுக்கான டீடாப் ஆகிய ஊசிகள் பொதுவாகப் பார்ட் டி-இல் வரும். பரிந்துரைக்கப்பட்டவர்களுக்கு 2023 முதல் அவையும் இலவசம். நிமோனியா, ஃப்ளூ, கோவிட் ஆகியவை பார்ட் பி. ஆகவே பார்மசியாக இருந்தாலும் சிவப்பு, வெள்ளை, நீல நிறத்திலுள்ள மெடிகேர் அட்டையைத்தான் நீட்ட வேண்டும். ஒரே நாளில் ஷிங்கிள்ஸ் ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுக்கொண்டால் இரண்டு அட்டைகளும் தேவைப்படும். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி (மிச்சிகன்): எங்களிடம் இருப்பது மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் திட்டம்). எந்த அட்டையைக் காட்டுவது?

பதில்: அப்படியானால் அந்த நிறுவனத்தின் அட்டையைக் காட்டுங்கள், கிளெய்ம் அவர்களுக்கே போக வேண்டும். அந்த நிறுவனத்துடன் ஒப்பந்தமுள்ள, அதாவது நெட்வொர்க்குக்கு உட்பட்ட, இடத்தில் போட்டுக்கொண்டால் செலவு இல்லை.

கேள்வி (கலிபோர்னியா): மாமனாருக்குச் சென்னையில் பிரெவெனார் 13 ஏற்கெனவே போட்டிருக்கிறோம். ஊசி போட்டதற்கான சீட்டு தொலைந்துவிட்டது. இங்கே இன்னொரு ஊசிக்கு மெடிகேர் பணம் தருமா? மருத்துவர் எழுதித்தர வேண்டுமா?

பதில்: எந்த ஊசி, எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். 13 வகை ஊசி மட்டும் போட்டவர்களுக்கு, குறைந்தது ஓராண்டு கழித்து 20 வகை அல்லது 21 வகை ஊசி ஒன்று போடலாம் என்பது இங்குள்ள பரிந்துரை. அதன்படி போட்டால் பணம் கிடைப்பதில் சிக்கல் இல்லை. சீட்டு தொலைந்ததற்காகக் கவலைப்பட வேண்டாம். தெளிவாகப் பேசும் நிலையிலுள்ள பெரியவர் தாம் போட்டுக்கொண்ட ஊசிகளைப் பற்றி வாய்மொழியாகச் சொன்னாலே ஏற்கலாம் என்பது மெடிகேரின் விதி. மருத்துவர் எழுதித்தர வேண்டும் என்றும் மெடிகேர் கேட்பதில்லை. மாநிலத்தின் பார்மசி சட்டம் கேட்டால் அது வேறு. சென்னையில் செய்த செலவை மட்டும் இங்கே திரும்பக் கேட்க முடியாது.

கேள்வி (வாஷிங்டன்): அம்மாவுக்குக் கிரீன் கார்டு கிடைத்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்பா விசிட்டர் விசாவில் வருகிறார். இருவருக்கும் வழி உண்டா?

பதில்: உங்கள் தாயார் 65 வயதைக் கடந்திருந்தாலும், இங்கே வேலை பார்த்து வரி கட்டிய கணக்கு தமக்கோ துணைவருக்கோ இல்லையென்றால், தொடர்ந்து ஐந்தாண்டுகள் வசித்த பிறகே பணம் கட்டி மெடிகேரில் சேர முடியும். அதுவரை மார்க்கெட்பிளேஸ் எனப்படும் அரசின் காப்பீட்டுச் சந்தை வழியாக ஒரு திட்டம் வாங்கலாம். பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசிகளை நெட்வொர்க்குக்குள் இலவசமாகத் தர வேண்டியது அந்தத் திட்டங்களின் கடமை.

தந்தையாருக்கு மெடிகேர் கிடையாது. விசிட்டர் இன்சூரன்ஸ் என்பது திடீரென வரும் நோய்க்கும் விபத்துக்கும் ஆனது. தடுப்பூசி பொதுவாக அதில் சேராது. விமானம் ஏறுவதற்கு முன் ஊரிலேயே போட்டுக்கொண்டு வருவதே புத்திசாலித்தனம் என்பேன்.

கேள்வி (இலினாய்): மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். வீட்டுக்கே வந்து ஊசி போடுவார்களா?

பதில்: வீட்டுக்கு வந்து ஊசி போடுபவருக்கு, அதற்காக மட்டுமே வந்திருந்தால், எம்0201 என்ற எண்ணில் கூடுதல் தொகை தரும் ஏற்பாடு 2024 முதல் நிமோனியா ஊசிக்கும் உண்டு. ஆனால் வருவதற்கு ஆள் கிடைப்பதுதான் கடினம். ஹோம் ஹெல்த் ஏஜென்சியிடமும் கவுண்டி சுகாதாரத் துறையிடமும் விசாரியுங்கள்.

கேள்வி (டெக்சஸ் அன்பரே மீண்டும்): அன்றைக்கு வேறு வழியின்றிப் பணத்தைக் கட்டிவிட்டோம். திரும்பப் பெற முடியுமா?

பதில்: முடியும். முதலில் அதே பார்மசியிடம், பார்ட் பி-க்குக் கிளெய்ம் அனுப்பிவிட்டு உங்கள் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், சி.எம்.எஸ்-1490எஸ் என்ற படிவத்தை நிரப்பி, ரசீதுடன் நீங்களே மெடிகேருக்கு அனுப்பலாம். ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் அது போய்ச் சேர வேண்டும். மெடிகேர் அதையும் நிராகரித்தால், அதைத் தெரிவிக்கும் மெடிகேர் சம்மரி நோட்டீஸ் கிடைத்த 120 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். படிவங்களை நிரப்ப, மெடிகேர் பற்றி வழிகாட்ட ஒவ்வொரு மாநிலத்திலும் இயங்கும் ஷிப் என்ற உதவித் திட்டத்தின் ஆலோசகர்கள் கட்டணமின்றி உதவுவார்கள். ரசீதின் மூலப்பிரதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நகலை அனுப்புங்கள்.