கணினி உயிரியல் படிக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பள்ளிப்படிப்பு முடிந்தது. உயிரியல் பிடிக்கும், ஆனால் ஆய்வகம் பிடிக்காது. நிரல் எழுத நன்றாக வரும். இளநிலையிலேயே கணினி உயிரியல் எடுக்கலாமா? கணினி அறிவியல் படித்துவிட்டுப் பிறகு மாறலாமா? வேலை கிடைக்குமா? புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் வந்தபின் மனிதருக்கு என்ன மிச்சம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு வழியிலும் வந்து நன்றாக வேலை செய்பவர்களை அறிவேன். வேலை பற்றிய கவலையை இப்போதைக்கு விடுங்கள்.

ஆய்வகம் பிடிக்காது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மாணவி தன் ஆய்வு முடிவைக் காட்டினாள். நோயாளிகளின் திசுக்களிலும் நலமானவர்களின் திசுக்களிலும் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்ற கணக்கு. திரையில் நோயாளிகளின் சிவப்புப் புள்ளிகள் ஒரு பக்கம், நலமானவர்களின் நீலப் புள்ளிகள் மறுபக்கம். நிரலில் ஒரு பிழை இல்லை. மரபணு இயங்குவதை அளக்க உதவும் மூலக்கூறான ஆர்.என்.ஏ.வைத் திசுக்களிலிருந்து எந்தத் தேதிகளில் பிரித்தெடுத்தார்கள் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. விசாரித்தால், நோயாளிகளின் மாதிரிகள் எல்லாம் ஒரு வாரம், மற்றவை அடுத்த வாரம், வேறொருவர் கையால். புள்ளிகளைப் பிரித்தது நோயா, வாரமா? இனி எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட வேறுபாட்டைத் திருத்த மென்பொருள்கள் உண்டு. ஆனால் இரண்டு வாரத்திலும் இரு வகை மாதிரிகளும் கலந்திருந்தால்தான் அவை உதவும். முதல் குழாயைத் திறக்கும் முன்பே ஒருவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆய்வகத்துக்குள் கால் வைக்காதவருக்கு அந்தக் கேள்வியே தோன்றாது. தரவு வானத்திலிருந்து விழுவதில்லை, தம்பி!

ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கியதற்காக 2024இல் ஹஸாபிஸும் ஜம்பரும் நோபல் பெற்றார்கள். அது பாடம் கற்றது புரதத் தரவு வங்கியில். சோதனைகளில் கண்டறிந்த புரத வடிவங்களைச் சேர்த்துவைக்கும் அந்த வங்கி 1971இல் வெறும் 7 கட்டமைப்புகளோடு தொடங்கியது. புரதத்தைத் தூய்மையாக்கி, அதன் வடிவத்தைக் காணத் தேவையான படிகம் வளராமல் தவித்து, மறுபடி முயன்றவர்கள் ஐம்பது ஆண்டுகளாக அதை நிரப்பினார்கள். அவர்களை மறந்துவிட்டு மனிதருக்கு என்ன மிச்சம் என்று கேட்காதீர்கள்.

சரி, படிப்புக்கு வருகிறேன். பாடத்திட்டத்தில் புள்ளியியலும் சோதனை வடிவமைப்பும் ஆய்வக நேரமும் தாராளமாக இருந்தால் கணினி உயிரியலில் சேருங்கள். மென்பொருள் பெயர்களை மட்டும் அடுக்கியிருந்தால் வேண்டாம், கணினி அறிவியலே மேல். எதில் சேர்ந்தாலும் முதல் விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் போய் நில்லுங்கள். திரவத்தை அளந்தெடுக்கும் பிப்பெட்டில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் எடுத்துத் தராசில் விடுங்கள். ஏறத்தாழ 100 மில்லிகிராம் காட்ட வேண்டும். பத்து முறை எடுத்துக் குறித்துவையுங்கள். அந்தப் பத்து எண்களையும் எனக்கு அனுப்புங்கள், அப்புறம் பேசுவோம்.