தோல் வழியே புற்றுநோய்த் தடுப்பூசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புற்றுநோய் வந்த பிறகு சிகிச்சையாகப் போடப்படும் தடுப்பூசியைத் தசையில் செலுத்துவதைவிடத் தோலுக்குள் செலுத்துவது நல்லது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மருந்து எப்படியாவது உடலுக்குள் போய்ச் சேர்ந்தால் போதாதா? எங்கே குத்துகிறோம் என்பதில் என்ன இருக்கிறது?

பதில்: வலி நிவாரணி போன்ற மருந்துகள் ஊசியாகப் போடப்படும்போது, ரத்தத்தில் கலந்து தம் வேலையைத் தாமே செய்துகொள்கின்றன, அதனால் கையில் குத்தினாலும் இடுப்பில் குத்தினாலும் விளைவில் பெரிய மாற்றம் இருப்பதில்லை. சிகிச்சைத் தடுப்பூசி அப்படிப்பட்டதன்று. அது புற்றுச் செல்களை நேரடியாகத் தாக்குவதில்லை. அந்தச் செல்களில் மட்டுமோ, அவற்றில் மிகுதியாகவோ காணப்படும் ஒரு புரதத்தின் துண்டை நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டி, அதை அடையாளம் கண்டு அழிக்கக்கூடிய டி செல்களைப் பெருக்குவதே அதன் பணி. ஆகவே, அந்தத் துண்டை முதலில் எதிர்கொள்பவை எந்தச் செல்கள் என்பது முக்கியமாகிவிடுகிறது.

தோலில் இதற்கென்றே காவலிருக்கும் செல்கள் ஏராளம். மேல்தோலில் கிளைவிட்டுப் பரந்திருக்கும் செல்களை, ஜெர்மனியைச் சேர்ந்த பால் லாங்கர்ஹான்ஸ் மருத்துவ மாணவராக இருந்த காலத்திலேயே, 1868-இல் விவரித்தார். வடிவத்தைப் பார்த்து அவற்றை நரம்புச் செல்கள் என்று அவர் கருதியதில் வியப்பில்லை. அவை எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை என்பது தெளிவாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்நியப் பொருளை டி செல்களுக்குக் காட்டும் இத்தகைய காவல் செல்களுக்கு டென்ட்ரைட்டிக் செல்கள் என்று பெயர். அவற்றின் வேறு வகைகள் கீழே உள்தோலில் இருக்கின்றன. இச்செல்கள் அந்நியப் பொருளை விழுங்கி, துண்டுகளாக்கி, நிணநீர்க் குழாய் வழியே அருகிலுள்ள நெறிக்கட்டுக்கு எடுத்துச் சென்று டி செல்களிடம் காட்டுகின்றன. ஓய்வு நிலையில் உள்ள தசையில் இத்தகைய செல்கள் குறைவு. ஊசி போட்ட பின் ஏற்படும் அழற்சியே அவற்றை அங்கே வரவழைக்க வேண்டியிருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தோலுக்குள் போடும்போது ஓரிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர் என்ற சிறிய அளவே போதுமானதாக இருப்பது, தோலின் இந்தத் திறனை நடைமுறையில் காட்டும் நல்ல சான்று.

டென்ட்ரைட்டிக் செல்களை 1973-இல் அடையாளம் கண்ட ரால்ஃப் ஸ்டைன்மன் பிற்காலத்தில் கணையப் புற்றுநோய்க்கு ஆளானார். தாம் கண்டறிந்த செல்களைக் கொண்டு உருவாக்கிய தடுப்பூசிகளையும் தம் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். 2011-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அவர் இறந்து மூன்று நாள்கள் ஆகியிருந்தன. அந்தச் செய்தி பரிசுக் குழுவுக்கு அதன் பிறகுதான் எட்டியது. அந்தச் சிகிச்சை அவர் ஆயுளை நீட்டித்ததா என்பதை ஒரே ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது என்றாலும், தம் ஆய்வின் மீது அவர் வைத்திருந்த நம்பிக்கையை அது காட்டுகிறது.

கேள்வி: அப்படியானால் இதைக் களிம்பாகவே தயாரித்துத் தோலில் தடவிக்கொள்ளலாமே?

பதில்: முடியாது. மேல்தோலின் வெளிப்புறத்தில் இறந்த செல்களாலும் கொழுப்பாலும் ஆன ஓர் அடுக்கு இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்கு மேல் இராது. ஆனாலும் சுமார் 500 டால்டனுக்கு (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறுகளை அது எளிதில் உள்ளே விடுவதில்லை. தடுப்பூசிகளில் பயன்படும் மிகச் சிறிய பெப்டைடு, அதாவது புரதத் துண்டு, ஒன்பது அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்டதாக இருந்தாலும், ஏறத்தாழ 1000 டால்டன் எடை கொண்டது. புரதத்தை உடலே தயாரிப்பதற்கான குறிப்பைத் தாங்கிய டிஎன்ஏ, எம்ஆர்என்ஏ போன்றவை அதைவிடப் பன்மடங்கு பெரியவை.

ஆகவே அந்த அடுக்கைக் கடந்தாக வேண்டும். காசநோய்க்கான தோல் பரிசோதனையில் செய்வதுபோல, மெல்லிய ஊசியைத் தோலுக்கு ஏறக்குறைய இணையாகச் செலுத்திச் சிறு கொப்புளம் எழச் செய்வது பழைய முறை. கை பழகியவர் செய்யாவிட்டால் மருந்து ஆழத்துக்குப் போய்விடும். ஊசியே இல்லாமல், அதிவேகத் திரவத் தாரையாகத் தோலுக்குள் பாய்ச்சும் கருவிகளும் உள்ளன. இந்தியாவில் 2021-இல் அவசரகால அனுமதி பெற்ற சைகோவ்-டி என்னும் கொரோனா டிஎன்ஏ தடுப்பூசி அப்படித்தான் செலுத்தப்பட்டது. பச்சை குத்தும் கருவியைக் கொண்டு டிஎன்ஏவைத் தோலில் பதிக்கும் முறையை நெதர்லாந்தில் புற்றுநோயாளிகளிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசப்படுவது நுண்ணூசிப் பட்டை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரமுள்ள முனைகள் பட்டையின் அடிப்பக்கத்தில் வரிசையாக இருக்கும். சர்க்கரையாலோ கரையும் பாலிமராலோ ஆன அம்முனைகள் தோலில் பதிந்து சில நிமிடங்களில் கரைந்து மருந்தை விடுவிக்கின்றன. நரம்பு முனைகளை அதிகம் தொடாததால் வலியும் குறைவு. இன்ஃப்ளுயன்சா, தட்டம்மை ஆகியவற்றுக்கான பட்டைகள் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு நல்ல முடிவுகள் வெளியாகியுள்ளன. புற்றுநோய்க்கான பட்டைகளைப் பற்றி வரும் உற்சாகமான செய்திகளில் பெரும்பாலானவை எலிகளைப் பற்றியவை என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்.

களிம்புக்கும் இதில் ஓர் இடம் உண்டு. இமிகுவிமோட் என்ற களிம்பைத் தடுப்பூசி போட்ட இடத்தில் தடவினால், அது அங்குள்ள காவல் செல்களைத் தூண்டிவிடுகிறது. அது துணைப்பொருள்தான், தடுப்பூசி அன்று.

கேள்வி: தோல் இவ்வளவு பொருத்தமான இடம் என்றால், இந்தச் சிகிச்சை ஏன் இன்னும் பரவலாகக் கிடைக்கவில்லை?

பதில்: தோல் தொடக்கத்தைத்தான் எளிதாக்குகிறது. கடினமான பகுதி அதற்குப் பின்னால் இருக்கிறது. உருவான டி செல்கள் ரத்தத்தின் வழியே கட்டியைச் சென்றடைந்து, உள்ளே நுழைந்து, அங்கே தம்மை முடக்கும் பல சமிக்ஞைகளைத் தாங்கி நின்று போரிட வேண்டும். டி செல்கள் உருவாவதற்கும் அவை கட்டியை வெல்வதற்கும் உள்ள இந்த வேறுபாட்டை விளக்க ஓர் ஆய்வைச் சொல்வேன். மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16-ஆம் வகையால் பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் ஏற்படும் புற்றுக்கு முந்தைய புண்களுக்கு, அந்த வைரஸின் நீண்ட பெப்டைடுகளைத் தோலுக்கு அடியில் செலுத்திய முடிவுகள் 2009-இல் வெளியாயின. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது 19 பெண்களில் 15 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. 9 பேரிடம் புண்கள் முழுமையாக மறைந்திருந்தன. அதே தடுப்பூசி, முற்றிய நிலைப் புற்றுநோயாளிகளிடம் டி செல்களைத் தூண்டியது. ஆனால் கட்டிகள் சுருங்கவில்லை. மருந்தும் செலுத்திய விதமும் ஒன்றே. நோயின் நிலைதான் வேறு.

இதனால்தான் இன்றைய ஆய்வுகள் தடுப்பூசியைத் தனியாக நம்பாமல், டி செல்களின் முடக்கத்தை நீக்கும் மருந்துகளோடு இணைக்கின்றன. அறுவை சிகிச்சையில் கட்டியை அகற்றிய பிறகு மிஞ்சியிருக்கக்கூடிய சொற்பச் செல்களையே குறி வைக்கின்றன. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் கொண்ட 157 பேரிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில், ஒவ்வொருவரின் கட்டிக்கும் ஏற்பத் தயாரித்த எம்ஆர்என்ஏ தடுப்பூசியை, முடக்கத்தை நீக்கும் மருந்துகளில் ஒன்றான பெம்ப்ரோலிசுமாபுடன் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்புதல் அல்லது இறப்புக்கான ஆபத்து, பெம்ப்ரோலிசுமாப் மட்டும் பெற்றவர்களைவிட 44 சதவீதம் குறைந்திருந்தது. அந்தத் தடுப்பூசி தசையில்தான் போடப்பட்டது. கொழுப்பு நுண்துகளில் பொதிந்த எம்ஆர்என்ஏ தசையிலிருந்தும் நெறிக்கட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பதால், தோல்வழியின் சாதகம் எல்லா வகைத் தடுப்பூசிக்கும் ஒரே அளவில் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பெப்டைடு, டிஎன்ஏ வகைகளுக்கே அது அதிகம் உதவும் என்பது என் கருத்து.

கேள்வி: என் உறவினர் இத்தகைய ஓர் ஆய்வில் சேர்ந்திருக்கிறார். ஊசி போட்ட இடம் தடித்து அரிக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அந்த இடத்தில் அழற்சி ஏற்பட்டிருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தோலுக்குள் போடும் ஊசிகளில் தடிப்பும் சிவப்பும் அரிப்பும் தசை ஊசியைவிட அதிகமாகவே தெரியும். கருநிறத் தோலில் சிவப்பு கண்ணுக்குப் புலப்படாமலும் போகலாம். எண்ணெய் கலந்த துணைப்பொருளோடு பெப்டைடைச் செலுத்திய எலிகளில், டி செல்கள் கட்டியை நோக்கிச் செல்லாமல் ஊசி போட்ட இடத்திலேயே திரண்டு மடிந்ததை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே தடிப்பு பெரிதாக இருப்பதை நற்செய்தியாகக் கொள்ள வேண்டாம். இல்லாததைக் கண்டு கலங்கவும் வேண்டாம். பலனை ரத்தத்திலுள்ள டி செல்களின் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும். புண்ணாகி நீர் வடிந்தாலோ, காய்ச்சல் நீடித்தாலோ, மூச்சுத் திணறலோ முகவீக்கமோ ஏற்பட்டாலோ ஆய்வுக் குழுவின் மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அவரைக் கேட்காமல் அந்த இடத்தில் ஸ்டீராய்டு களிம்பு எதையும் தடவ வேண்டாம், ஏனெனில் தடுப்பூசி தூண்ட முயலும் செல்களையே அந்தக் களிம்பு அடக்கிவிடும்.