வாசகர் கேள்விகள்: மண்டபம் கேம்ப்பும் ஹட்டன் பட்டணமும்

இலங்கை மலையகத் தோட்டங்களைப் பற்றிக் கேட்டு, தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை கடலோர வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் ஹட்டன் பெயர் வருகிறது. அதனால் அந்த ஊரை நடுவில் வைத்தே இந்த முறை பதில்கள்.

எங்கள் ரயில் நிலையத்தின் பெயரே 'மண்டபம் கேம்ப்'. அது யார் போட்ட கேம்ப்? (மண்டபம் வாசகர்)

இலங்கை அரசு போட்டது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தோட்ட வேலைக்குக் கங்காணிகள் (ஆள் சேர்த்து வேலை வாங்குபவர்கள்) திரட்டிய ஆட்கள் அதன்பின் இந்த வழியாகத்தான் போனார்கள். பாலத்துக்கு முன் நிலத்தில் உள்ள கடைசி இடம் மண்டபம். அம்மையோ காலராவோ கப்பலேறிவிடக் கூடாது என்பதால், எல்லாரையும் இங்கே இறக்கி ஏறத்தாழ ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள். அம்மைக் குத்தினார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள், துணிமணிகளை ஆவியில் வைத்து எடுத்தார்கள். சாப்பாடு கேம்ப்பிலேயே.

பிறகு தனுஷ்கோடிக்கு ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து மதவாச்சி, அனுராதபுரம் வழியே பொல்கஹவெலைக்கு ரயில். பொல்கஹவெலையில் மலைநாட்டு வண்டிக்கு மாறி நாவலப்பிட்டி, ஹட்டன். ஆக, ஹட்டனின் தலைவாசல் அரை நூற்றாண்டுக் காலம் ராமநாதபுரம் கடற்கரையில் இருந்தது. 1964க்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களும், 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களும் தங்கியது இதே மண்டபத்தில்தான்.

பாலம் வருவதற்கு முன் தொண்டியிலிருந்து தோணியில் போனதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எந்த வழி? (தொண்டி வாசகர்)

தொண்டி, பாம்பன் போன்ற துறைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்குவார்கள். அதற்குப் பிறகு நடைதான். வறண்ட காட்டுக்குள் ஏறத்தாழ 150 மைல் நடந்தால் மாத்தளை. இதற்கு 'வடக்குப் பாதை' என்று பெயர். கடலைவிடக் காடுதான் ஆளைக் கொன்றது. கோடையில் குளங்கள் வற்றிக் கிடக்கும். எஞ்சிய சேற்று நீரைக் குடித்துக் காலரா, மழைக்காலத்தில் மலேரியா. பின்னால் வழிநெடுகக் கிணறும் தங்குமடமும் போட்டும் சாவு நிற்கவில்லை. 1890களின் முடிவில் பாதையையே மூடிவிட்டு, தூத்துக்குடி அருகே தட்டப்பாறை கேம்ப் வழியாகக் கொழும்புக்கு அனுப்பினார்கள். 1914 வரை அதுதான் வழி.

தேயிலைக்கு முன் அங்கே காப்பித் தோட்டம் அல்லவா? காப்பிக் காலத்தில் எழாத ஊர்கள் தேயிலைக் காலத்தில் எழுந்தது எப்படி? (ராமநாதபுரம் வாசகர்)

வந்த கேள்விகளில் இதுவே முக்கியமானது. விடை இரண்டு பயிர்களின் வேலை முறையில் இருக்கிறது.

காப்பி (மலையகத்தில் 'கோப்பி') ஆண்டுக்கு ஒரு பெரிய அறுவடை தரும் பயிர். பழம் பறிக்கும் சில மாதங்களுக்குத்தான் கூட்டம் வேண்டும். பறித்த பழத்தை அன்றே தோலுரித்து, தொட்டியில் ஊறப்போட்டுப் பசையை நீக்கி, கழுவிக் களத்தில் காயவைத்தால் தோட்டத்து வேலை முடிந்தது. மேல் ஓட்டுடனேயே கொட்டையை மாட்டுவண்டியில் கொழும்புக்கு அனுப்பிவிடலாம். ஓடு நீக்குவதும் தரம் பிரிப்பதும் அங்கே நடக்கும். மலையில் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஆட்களும் அறுவடை முடிந்ததும் கணக்குத் தீர்த்துக்கொண்டு வடக்குப் பாதையில் ஊர் திரும்பி, இங்கே வயல் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். குடும்பம் இல்லாத இடத்தில் கடைவீதி எங்கிருந்து வரும்?

1869இல் இலைத்துரு நோய் வந்தது. இலையின் அடியில் காவி நிறப் பொடி படியும், இலை உதிரும், செடி மறுபடி துளிர்க்கும், மறுபடி உதிரும். செடி உடனே சாகாது. ஒவ்வொரு ஆண்டும் காய்ப்புக் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் தோட்டக்காரர்கள் ஆபத்தை உணரப் பல ஆண்டுகள் ஆயின. மலை மலையாக ஒரே பயிர், எப்போதும் ஈரக் காற்று. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? இடையில் சிங்கோனா (கொய்னா மருந்துக்குப் பட்டை தரும் மரம்) நட்டார்கள். எல்லாரும் நட்டதால் பட்டையின் விலை விழுந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் 1867இலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். மற்றவர்கள் அந்த வழிக்குத் திரும்பினார்கள்.

தேயிலை வேறு மாதிரி. ஆண்டு முழுக்கக் கொழுந்து வரும். ஒரே செடிக்கு ஏழு முதல் பத்து நாளுக்குள் திரும்ப வந்தாக வேண்டும். ஒரு சுற்றுத் தவறினால் கொழுந்து முற்றிவிடும், பிறகு 'இரண்டு இலை ஒரு மொட்டு' கிடைக்காது. எனவே ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு ஆள் என்ற கணக்கில் வருடம் முழுவதும் கை வேண்டும். கொழுந்து பறிப்பது பெண்கள் வேலையானது. கங்காணி இனி தனி ஆளை அல்ல, குடும்பத்தைக் கூட்டிவந்தான்.

பறித்த கொழுந்தைத் தொலைவுக்கு அனுப்பவும் முடியாது. கூடையிலோ சாக்கிலோ அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும், அந்தத் தூளில் சாயமும் இருக்காது, மணமும் இருக்காது. அதனால் தோட்டத்துக்கு ஒரு தொழிற்சாலை. தொழிலாளர் பேச்சில் அது 'ஸ்டோர்'. மேல்மாடித் தட்டுகளில் இலையைப் பரப்பி 12 முதல் 18 மணி நேரம் வாடவிட வேண்டும். வாட்டம் குறைந்தால் உருளையில் இலை சுருளாமல் நொறுங்கிச் சாறு ஒழுகும். மிஞ்சினால் சாறே வராது. பிறகு உருட்டி, சலித்து, குளிர்ந்த அறையில் இரண்டு மூன்று மணி நேரம் செம்பு நிறம் வரும்வரை பரப்பி, 90 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக் காற்றில் ஈரம் 3 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைப்பார்கள். 100 ராத்தல் தூளுக்கு ஏறக்குறைய 450 ராத்தல் பச்சைக் கொழுந்து வேண்டும்.

இவ்வளவுக்கும் எஞ்சின், விறகு, ஈயத்தகடு, பெட்டிப் பலகை, பழுது பார்க்க ஆள், லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகள்) குடும்பங்களுக்கு அரிசி என்று வருடம் முழுக்கப் பொருள் மேலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சரக்கை ஏற்றி இறக்கிய வேலையிலும், சம்பள நாளில் லயத்திலிருந்து இறங்கிவந்த காசிலும்தான் மலைநாட்டுப் பட்டணங்கள் எழுந்தன.

அப்படியானால் ஹட்டன் ஏன் சரியாக அந்த இடத்தில்? (கீழக்கரை வாசகர்)

ரயில் அங்கே வந்ததால். 1874 முதல் பத்து ஆண்டுகள் ரயில் நாவலப்பிட்டியோடு நின்றது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்குகளின் சரக்கெல்லாம் கினிகத்தேனைக் கணவாய் வழியே மாட்டுவண்டியில் இறங்கியது. 1884இல் பாதை ஹட்டனை எட்டியது. அந்த மூன்று பள்ளத்தாக்குகளும் கூடும் வாய் அது. ஆகவே வண்டிப்பேட்டையும் அரிசி மண்டியும் நாவலப்பிட்டியிலிருந்து மேலே நகர்ந்தன. அடுத்த ஆண்டே ரயில் சிங்கமலைச் சுரங்கத்தைக் கடந்து நானுஓயாவுக்குப் போய்விட்டது. ஆனால் ஹட்டன் சுருங்கவில்லை. மூன்று பள்ளத்தாக்குக்கும் அதைவிட அருகில் வேறு நிலையம் கிடையாது.

கடைவீதியில் தமிழக முஸ்லிம் வணிகர்களும் நகரத்தார் வட்டிக்கடைகளும் இருந்தன. கங்காணிகள் ஆள் சேர்க்க முன்பணம் வாங்கியதில் நகரத்தாருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தக் கடன்தான் கடைசியில் கொழுந்து பறிப்பவர் தலையில் விடிந்தது. சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்களும் ஹட்டனில்தான் இறங்குகிறார்கள். டிசம்பரிலிருந்து மே வரை அந்த வியாபாரம்.

'ஹட்டன்' தமிழ்ப் பெயரா? (தேவிப்பட்டினம் வாசகர்)

இல்லை. ஸ்காட்லாந்து ஊர் ஒன்றின் பெயர். தோட்டக்காரர்கள் வைத்தது.

பழைய பெட்டியில் எழுத்தும் எண்ணும் குத்திய சிறிய தகர வில்லை ஒன்று கிடைத்தது. என்னவாக இருக்கும்? (ராமேஸ்வரம் வாசகர்)

'தகரத்துண்டு' எனப்பட்ட, தோட்டத்துக்குப் போகும் ஆளின் அடையாள வில்லையாக இருக்க வாய்ப்பு அதிகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முறை இது. தோட்டம் தன் பதிவு எண் குத்திய வில்லைகளைக் கங்காணியிடம் கொடுத்தனுப்பும். ஆட்கள் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். வில்லையைக் காட்டினால் ரயிலுக்கும் கப்பலுக்கும் சாப்பாட்டுக்கும் அரசு செலவழித்து, தோட்டத்திடம் வசூலித்துக்கொள்ளும். எழுத்து மாவட்டத்தையும் எண் தோட்டத்தையும் குறிக்கும்.

வெறும் 'துண்டு' என்பது வேறு, அது காகிதம். 'இந்த ஆளின் கடன் இவ்வளவு, கட்டினால் விடுவிப்போம்' என்று துரை (தோட்ட மேலாளர்) எழுதிக்கொடுக்கும் சீட்டு. வேறு தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய அந்தக் கொடுமை 1921இல் சட்டப்படி ஒழிந்தது.

வில்லையைப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்க்காதீர்கள். தகரப் பூச்சு போனால் எண்ணும் போய்விடும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்தால் மங்கிய குத்தும் தெரியும். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்குத் துரு சீக்கிரம் பிடிக்கும். காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

எங்கள் தாத்தா 1970களில் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் பிறந்த தோட்டத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? (உச்சிப்புளி வாசகர்)

முடியும். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் (இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்தது) கீழ் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களிடம் இரண்டு காகிதங்கள் இருக்கும்: இந்தியக் கடவுச்சீட்டு, குடும்ப அட்டை. முதலில் கடவுச்சீட்டில் உள்ள முகவரியை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் உட்பிரிவு), தபால் ஊர் என்று மூன்று பகுதியாக இருக்கும். தபால் ஊர் ஹட்டன் என்றால் தோட்டம் ஹட்டனுக்குள் இருந்ததாகக் கொள்ள வேண்டாம். பல மைல் தள்ளியும் இருக்கலாம்.

தோட்டத்தின் பதிவுப் பெயர் ஆங்கிலத்தில் ஒன்று, லயத்தில் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று. தாத்தா சொன்ன பெயர் வரைபடத்தில் இல்லாமல் போவதற்கு இதுதான் முதல் காரணம். இரண்டாவது காரணம், 1972, 1975 நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகி, பிறகு 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனதில் சில சின்னத் தோட்டங்கள் பக்கத்துப் பெரிய தோட்டத்தின் டிவிஷனாகச் சேர்ந்துவிட்டன. அதனால் தோட்டப் பெயரை மட்டும் வைத்துத் தேடாமல், டிவிஷன் பெயராகவும் தேடிப் பாருங்கள். கங்காணியின் பெயர் தெரிந்தால் அதையும் குறித்துவையுங்கள். பல இடங்களில் லயத்தை அடையாளம் காட்டுவது அந்தப் பெயர்தான்.

பிறப்புச் சான்றின் நகலுக்கு, பிறப்பு பதிவான பகுதியின் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஹட்டன் பகுதி நுவரெலியா மாவட்டத்தில் சேரும். பெயரைப் பதிந்தவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். கருப்பாயி என்ற ஒரு பெயருக்கே நாலைந்து எழுத்துக்கூட்டல் வரும். எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் கொடுங்கள். வயதைப் பெரும்பாலும் உத்தேசமாகச் சொல்லியிருப்பார்கள். குடும்ப அட்டையில் உள்ள ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.