ஏலத்தில் பழைய தாள்காசு வாங்கினால் வங்கி வட்டியை விட மிஞ்சுமா?

கேள்வி: எனக்கு 41 வயது, களுவாஞ்சிக்குடியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் 9 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு முதிர்கிறது. லண்டனில் இருக்கும் மச்சான் அங்கே ஏலங்களில் இலங்கையின் பழைய தாள்காசு, அந்தக் காலத்துத் தோட்டங்களில் கூலிக்கு ஈடாகக் கொடுத்த டோக்கன், போர்ப் பதக்கம் என்று வாங்கிச் சேர்க்கிறான். "வங்கி வட்டியை விட இது ஏறும், 5 இலட்சம் போடு, உனக்கும் சேர்த்து எடுக்கிறேன்" என்கிறான். அப்பப்பாவின் இரண்டு பதக்கங்களும் கொஞ்சம் பழைய நோட்டுகளும் எங்கள் வீட்டிலும் கிடக்கின்றன. மனைவியின் நகை 3 இலட்சத்துக்கு அடகில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். வைப்புக்கு வங்கி தருகிற வட்டியை விட அடகுக்கு நீங்கள் கட்டுகிற வட்டி கூட. முதிர்கிற அன்றைக்கே நகையை மீட்டுவிட்டு வாருங்கள், மிச்சத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

சரி, மீட்டாயிற்று. ஏறத்தாழ 6 இலட்சம் கையில் இருக்கிறது. இப்போது மச்சான் சொல்லாமல் விட்ட கணக்கைப் பார்ப்போம். ஏலத்தில் ஒரு தாள் 1,00,000 ரூபாய்க்கு விழுகிறது என்று வையுங்கள். லண்டனின் பெரிய ஏல நிறுவனங்கள் வாங்குகிறவரிடமும் கொமிஷன் எடுக்கும், 20 முதல் 25 சதவீதம் என்பது அங்கே வழக்கமான அளவு. 24 என்று எடுத்தால் 1,24,000. தபால், காப்புறுதிக்கு 6,000 போட்டால் 1,30,000. இலங்கைக்கு எடுப்பித்தால் சுங்கத்தில் கேட்பது தனி. அதே தாளை நீங்கள் திரும்ப ஏலத்துக்குக் கொடுக்கும்போது விற்கிறவரிடமும் கொமிஷன் பிடிப்பார்கள், 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். போட்ட 1,30,000 முழுசாகக் கைக்கு வரவேண்டும் என்றால் அந்தத் தாள் ஏறத்தாழ 1,53,000க்கு ஏலம் போக வேண்டும். அதாவது விலை 53 சதவீதம் ஏறினால்தான் உங்களுக்கு நட்டமில்லை. இலாபம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம், அந்த இடைக்காலம் முழுக்க வட்டி என்று ஒரு சதமும் வராது. மச்சான் பொய் சொல்லவில்லை, விலைகள் ஏறியிருக்கலாம், ஆனால் அவன் பார்ப்பது ஏலத்தில் விழுந்த விலையை, கைக்கு வருகிற காசை அல்ல.

ரூபாய் விழுந்தால் பிரித்தானியப் பவுணில் விலை போகிற பொருள் நம்மைக் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயில் இருந்து 360ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாம், கேள்வி நியாயமானதுதான். காப்பாற்றும், ஆனால் விற்க முடிந்தால்தான். கடைக்குச் சரக்கு எடுக்க அவசரமாகக் காசு தேவைப்படுகிற நாளில் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நின்று கொண்டு ஒரு கோப்பித் தோட்ட டோக்கனை யாரிடம் கொடுத்துக் காசாக்குவீர்கள்? தங்கத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

அதனால் முதலீடாக வேண்டாம். ஆனால் விருப்பம் இருக்கிறது, அது எழுத்திலேயே தெரிகிறது. விருப்பத்துக்கு 50,000 ஒதுக்குங்கள், திரும்பி வராவிட்டாலும் வீட்டில் சண்டை வராத தொகையாக அது இருக்கட்டும். மிச்சம் திரும்ப வைப்புக்கே போகட்டும், அதில் ஒரு பகுதியை மட்டும் மூன்று மாத வைப்பாகப் போட்டால் கடை அவசரத்துக்கு உதவும்.

அந்த 50,000இல் 19ஆம் நூற்றாண்டுத் தாள்களைத் தேடாதீர்கள். கோப்பியில் நோய் விழுந்து தோட்டங்கள் சரிந்தபோது, அதுவரை நாணயத்தாள் வெளியிட்டு வந்த ஓரியண்டல் வங்கியும் 1884இல் விழுந்தது, அதற்குப் பிறகுதான் 1885இல் இருந்து அரசாங்கமே நாணயத்தாள் அச்சிட ஆரம்பித்தது. அந்தக் காலத்துத் தாள் என்று யாராவது மலிவாகத் தந்தால் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். எனக்குப் பிடித்தது 1942. உலகப் போரில் சில்லறைக்கு உலோகம் தட்டுப்பாடாகி சதத்துக்கே தாள் அடித்தார்கள். அதில் 5 சதத் தாள் ஒன்று இருக்கிறது: ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம், நடுவில் முத்திரைத் தாளில் இருப்பது போல ஓட்டை வரிசை, தேவைப்பட்டால் கிழித்து இரண்டாகக் கொடுக்கலாம். கிழிக்காமல், மடிப்பில்லாமல் இருந்தால் ஒரு விலை, பாதி மட்டும் இருந்தால் வேறு விலை. நிலைமைதான் இந்தத் தொழிலில் எல்லாம், ஒரு மடிப்பு பாதி விலையைத் தின்றுவிடும்.

பேஸ்புக்கில் 2009ஆம் ஆண்டு 1,000 ரூபாய் நினைவுத் தாளை "அரியது" என்று பல மடங்கு விலைக்குப் போடுகிறார்கள். அது புழக்கத்துக்கே விட்ட தாள், நம் கடைகளிலேயே கைமாறியது. கசங்கிய ஒன்றுக்கு 1,000க்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் இருந்து எடுத்தது என்று சொல்லி வருகிற எதையும் தொடவே வேண்டாம். 1942 ஏப்ரல் 9 அன்று நம் கடலில் மூழ்கிய அந்தக் கப்பலோடு முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அது அவர்களின் கல்லறை. அதோடு வருகிற கதை பெரும்பாலும் விலையேற்றத்தான். நிலத்தில் தோண்டியெடுத்த ஒல்லாந்தக் காசு, யாழ்ப்பாண அரசர்களின் சேதுக் காசு என்று வந்தாலும் விலகி நில்லுங்கள், அவை தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை.

வீட்டில் இருப்பதைச் சொல்கிறேன். நோட்டுக் கட்டில் 1970க்கு முந்திய 50, 100 ரூபாய் இருந்தால் வங்கிக்குக் கொண்டு போகாதீர்கள், அந்த ஆண்டு ஒக்டோபரில் அப்போதைய நிதியமைச்சர் என்.எம். பெரேரா அவற்றைச் செல்லாததாக்கிவிட்டார். இன்றைக்கு அவற்றுக்கு விலை தருபவர்கள் சேகரிப்பவர்கள் மட்டுமே. எந்தத் தாளையும் லெமினேட் செய்ய வேண்டாம், செய்தால் விலை போச்சு. வாவிக் காற்றும் மாரி ஈரமும் தாளில் பழுப்புப் புள்ளி போடும், அதனால் பிவிசி இல்லாத உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் காசில் வாங்குவது எது, அவன் காசில் வாங்குவது எது என்று ஒவ்வொரு ஏலத்துக்கும் பில்லின் படம் வட்ஸ்அப்பில் வரவேண்டும். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீட்டு லாச்சியில் உங்களுடையது எது என்று அவன் வீட்டாருக்குத் தெரியாது. இதைக் கேட்டு மச்சான் முறைத்துக் கொண்டால் 50,000ஐயும் அனுப்ப வேண்டாம்.

அப்பப்பாவின் பதக்கங்களைப் புளி போட்டோ பிரசோ போட்டோ தேய்க்காதீர்கள், கறுப்பாகவே இருக்கட்டும், பழைய ரிப்பனையும் கழற்ற வேண்டாம். முதலாம் உலகப் போர்ப் பதக்கமானால் பெரும்பாலும் விளிம்பில் பெயர், இலக்கம், படைப்பிரிவு பொறித்திருக்கும், விலையில் பாதி அந்த விளிம்பில்தான். இரண்டாம் போரின் நட்சத்திரப் பதக்கங்கள் பெரும்பாலும் பெயரில்லாமல் வந்தவை, அவற்றுக்குக் கூட வருகிற கடிதமோ சேவைப் புத்தகமோதான் மதிப்பைக் கூட்டும், ஆகவே பழைய பெட்டியில் கடதாசி ஏதும் கிடக்கிறதா என்று ஒருமுறை கிண்டிப் பாருங்கள். விற்கச் சொல்லவில்லை. முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்புங்கள், அவனுடைய ஆர்வம் அதற்காவது பயன்படட்டும்.