கருப்பு ஓஸை எடைபோட்டு வாங்காதீர்கள்

கேள்வி: கிணற்றிலிருந்து 400 மீட்டர் தள்ளி, 30 மீட்டர் மேட்டில் இருக்கும் தென்னந்தோப்புக்கு 63 மி.மீ. கருப்பு ஓஸ் போட வேண்டும். கடைக்காரர், "ஒரிஜினல் எச்டிபிஇ, 4 கிலோ பிரஷர், எடை நன்றாக நிற்கும், கிலோ கணக்கில் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 'எடை நிற்கும்' என்ற பேச்சில்தான் சூது இருக்கிறது.

பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் பால் பாக்கெட்டுக்கு ஒரு வகை, மொட்டைமாடித் தொட்டிக்கு ஒரு வகை, ஓஸுக்கு அடர்த்தி கூடிய எச்டிபிஇ. எல்லாமே தண்ணீரைவிட இலேசு. மலிவான சுண்ணாம்புக்கல் தூளோ தண்ணீரைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் கனம். அதைக் கலந்தால் தராசு இறங்கும். பிளாஸ்டிக் விலைக்குச் சுண்ணாம்பை வாங்கி வருவீர்கள். அப்படி வாங்கிய ஓஸை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். வளைத்த இடத்தில் கோலமாவால் இழுத்ததுபோல வெள்ளைக் கோடு விழுந்தது. இன்னும் சற்று மடக்கியதும் விரிசல் விட்டது.

விரல் நீளத் துண்டு ஒன்றை அறுத்து, பக்கெட் தண்ணீரில் அமுக்கி, காற்றுக்குமிழி போனபின் விடுங்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு தூள் இருந்தாலே மூழ்கிவிடும். மூழ்கினால் திரும்பி வந்துவிடுங்கள். ஆனால் மிதந்தால் நல்ல சரக்கு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உடைந்த குடத்தையும் எண்ணெய் கேனையும் உருக்கி இழுத்த ஓஸும் மிதக்கத்தான் செய்யும். மறுபடி மறுபடி உருகி வலுவிழந்த சரக்கு அது. வெட்டிய முனையை மோந்து பாருங்கள், உட்புறத்தை விரலால் தடவுங்கள். கருகல் வாடையோ சொரசொரப்போ இருந்தால் அதுவும் வேண்டாம்.

மீட்டர் கணக்கில் வாங்குங்கள். ஓஸின் மேல் ஐ.எஸ். 4984 என்ற இந்தியத் தர எண்ணும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உற்பத்தியாளர் பெயர் வரும். இவ்வளவு ஏற்பாடு இருந்தும் ஒரு வரி அச்சில்லாத சுருள்கள் கடைவாசலில் பகிரங்கமாகக் கிடக்கின்றன; கேட்க ஆளில்லை. 'அரசு மானியத்தில் ஓஸ் போட்டு முடித்துத் தருகிறேன்' என்று வரும் தரகரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த எண்ணைக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் அனுப்பிவிடுங்கள்.

ஒரு கிலோ பிரஷர் என்பது 10 மீட்டர் உயரத் தண்ணீர். உங்கள் மேடு 30, உராய்வுக்குச் சில மீட்டர். கரண்ட் போனதும் திரும்பி விழும் தண்ணீரின் அடி தனி. 4 கிலோ போதாது, 6 கிலோ வாங்குங்கள்.

இணைப்புக்குப் பசை விற்றால் வாங்காதீர்கள். பிவிசி பைப்புக்கு ஒட்டும் பசை எச்டிபிஇயில் பிடிக்காது. சூடாக்கி இணைக்கும் இயந்திரத்தோடு ஆள் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மரை முடுக்கும் கப்ளர் போடுங்கள்.