சர்வேயர் நல்ல படகு என்றார், பின்பலகை உளுத்திருக்கிறது

கேள்வி: பழைய ஃபைபர் படகு ஒன்றை, படகின் நிலையைச் சோதிக்கும் சர்வேயரை வைத்துப் பார்த்த பிறகுதான் வாங்கினேன். 'பொதுவாக நல்ல நிலை' என்று ரிப்போர்ட் கொடுத்தார். மூன்றே மாதத்தில் எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகை ஆடுகிறது, உள்ளே இருக்கும் மரம் ஊறி உளுத்துவிட்டது என்கிறார் மெக்கானிக். செலவை சர்வேயரிடம் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால், தயவுசெய்து மெக்கானிக்கைப் பலகையில் கை வைக்க விடாதீர்கள். பதற்றத்தில் பலரும் உடனே பிரித்துப் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் "நான் பார்த்தபோது இப்படி இல்லை" என்று சர்வேயர் சொன்னால் காட்டுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. போட்டோ எடுங்கள், எழுத்தில் தகவல் சொல்லி அவர் வந்து பார்க்க ஒரு தேதி கொடுங்கள்.

அடுத்து, சம்பந்தமில்லாத இன்னொரு சர்வேயர் வேண்டும். பழுது இருக்கிறது என்று மட்டும் அவர் எழுதினால் போதாது; அன்றைக்கு ஒழுங்காகப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்குமா என்பதற்கு அவர் பதில் எழுத வேண்டும், வழக்கே அதில்தான் நிற்கிறது. சர்வேயர் எதையும் உடைத்துப் பார்ப்பதில்லை, ஆனால் சின்னச் சுத்தியலால் தட்டுவார், நல்ல இடம் கணீரென்று கேட்கும், உளுத்த இடம் மொத்தென்று கேட்கும். ஈரம் அளக்கும் மீட்டரும் வைத்துப் பார்ப்பார், முக்கியமாகத் திருகு இறங்கிய துளைகளைச் சுற்றி, தண்ணீர் உள்ளே போகும் வழி பெரும்பாலும் அதுதான். இதெல்லாம் செய்ததாக உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு வரியாவது இருக்கிறதா? இல்லையென்றால் அது உங்கள் பக்கம் பேசும். 'எட்டவில்லை, பார்க்கவில்லை' என்று எழுதிவைத்த இடத்துக்கு மட்டும் அவரைப் பிடிப்பது கஷ்டம்.

சர்வேயரோடு போட்ட ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள். தவறு நடந்தால் வாங்கிய கட்டணம் வரைதான் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கலாம். அதைப் பார்த்ததும் சோர்ந்துவிட வேண்டாம், சாதாரண நுகர்வோர் மீது சுமத்திய நியாயமற்ற விதி என்று அதை ஏற்காத சட்டங்கள் பல நாடுகளில் உண்டு. அவரை அமர்த்தியது நீங்களே என்பது நல்லது. விற்றவர் எடுத்த ரிப்போர்ட்டை நம்பி வாங்கியிருந்தால் பாதை இன்னும் சிக்கல்.

எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1956-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு: வீட்டு மரத்தை வண்டு அரித்ததை சர்வேயர் கவனிக்கவில்லை. 25,000 பவுண்டுக்கு வாங்கிய வீட்டின் உண்மை மதிப்பு 21,000, ரிப்பேர் செலவு 7,000. நீதிமன்றம் கொடுத்தது அந்த விலை வித்தியாசம் 4,000 மட்டும். படகு வழக்கிலும் இதே வாதம் வரும், அதனால் இந்தப் பழுதோடு படகின் மதிப்பு அன்றைக்கு என்ன என்பதையும் இரண்டாவது சர்வேயரிடம் எழுதி வாங்குங்கள்.

விற்றவரையும் விட்டுவிடாதீர்கள். 'உள்ளது உள்ளபடி' என்று விற்றிருந்தாலும், தெரிந்தே விரிசலில் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் அந்த வார்த்தை பொதுவாக அவரைக் காப்பாற்றாது.

சர்வேயருக்குத் தொழில் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அந்த நிறுவனத்துக்கு உங்கள் கோரிக்கையைத் தெரிவிக்கச் சொல்லி எழுதுங்கள். வழக்குப் போட காலக்கெடு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும், வக்கீலை இந்த வாரமே பாருங்கள். நடுவில் சர்வேயர் கட்டணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று வந்தால், 'இத்துடன் கணக்கு முடிந்தது' என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.